எஸ்தோனியர் செய்ததும் நாம் விட்டதும்

தமிழ் மூலம் எஞ்சினீயரிங் கற்பிக்கும் வகுப்புகளை அண்ணா சர்வகலாசாலை 2010-ம் வருஷத்தில் தொடங்கியபோது தமிழ் மக்கள் பெருமகிழ்ச்சி அடைந்தனர். சிவில், மெக்கானிகல் என்ற இரண்டு பிரிவுகளில் தொடங்கிய அம்முயற்சி, நாளடைவில் மற்றப் பிரிவுகளுக்கும் பரவும் என்று நம்பியவர்கள் பலர். பதின்மூன்று வருஷங்கள் சென்றன. 2023 மே மாதத்தில், மாணவர் சேர்வது குறைந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி, தன் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவ்வகுப்புகளை நிறுத்தி வைக்கப்போவதாக அதே சர்வகலாசாலை அறிவித்தது. நாலாபுறமும் கண்டனம் எழுந்தது. அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. கண்டித்தவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்களுள் எத்தனை பேர் தம் சொந்தப் பிள்ளைகளை அவ்வகுப்புகளில் சேர்த்தார்கள் என்று கேட்கத் துணிந்தவர் ஒருவரும் இல்லை.

இத்தகைய சந்தர்ப்பங்களிலெல்லாம் நம்மவர் கையில் ஆயத்தமாக இருக்கும் பதில் ஒன்று உண்டு. தமிழ் தொன்மையானது, வளமுள்ளது, எதையும் சொல்ல வல்லது என்பதே அது. இதை மறுப்பார் யாருமிலர். ஆனால் மாணவன் கேட்பது இதுவன்று. இந்த வகுப்பில் தேறி வெளியே வந்தால் என்னை வேலைக்கு வைத்துக்கொள்வார் யார் என்பதே அவன் கேள்வி. பாஷையின் பெருமையைச் சொல்லி இக்கேள்விக்கு விடை கூற முடியாது. தொன்மையோ, மக்கள் பெருக்கமோ, பெரிய இலக்கியமோ இல்லாத ஒரு சிறு ஜாதியார் இதே கேள்விக்குச் செயலில் விடை கண்டிருக்கிறார்கள். பால்டிக் கடலோரத்திலுள்ள எஸ்தோனியரின் சரித்திரம் இந்த வகையில் நாம் ஆராயத்தக்கது.

எஸ்தோனியாவின் மொத்த ஜனத்தொகை 2021-ம் வருஷக் கணக்கின்படி சுமார் 13 லட்சம். 2011-ம் வருஷக் கணக்கில் நம் திருப்பூர் ஜில்லாவில் மட்டும் 24 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். எஸ்தோனிய பாஷை பேசுவோர் உலகெங்கும் சேர்ந்து 11 லட்சம் அளவினரே. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் டேனியர், ஜெர்மானிய வீரர், ஸ்வீடன் தேசத்தார், ருஷ்யர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் அந்நாட்டை ஆண்டார்கள். எந்தக் கொடி பறந்தாலும் நிலம் ஜெர்மானியப் பிரபுக்களுடையதாகவே இருந்தது. எஸ்தோனியன் அந்நிலத்தோடு கட்டுண்ட அடிமைக் குடியானவன். தன் பாஷைக்கு அவன் வைத்திருந்த பெயர் ‘மாகேல்’; நாட்டுப்புறப் பேச்சு என்பது அதன் பொருள். படித்தவன் என்றால் ஜெர்மன் பேசுகிறவன் என்றே அங்கு பொருள் கொள்ளப்பட்டது. இந்நிலை நமக்குப் புதிதன்று.

அச்சுப் புத்தகம் அந்தப் பாஷையில் தோன்றியதும் பாதிரிமார்களால்தான். இன்று சிதறிய சில பக்கங்களாகக் கிடைக்கும் மிகப் பழைய நூல் 1535-ல் அச்சான சமய வினாவிடை. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் வெளிவந்தது. மற்றொரு பொருத்தமும் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த அதே 1715-ம் வருஷத்தில், வட எஸ்தோனிய வழக்கில் புதிய ஏற்பாடு வெளியாயிற்று. இரண்டையும் செய்தவர்கள் ஜெர்மானிய லூதரன் சபையைச் சார்ந்தவர்கள். அன்று இரு பாஷைகளும் ஒரே அச்சுக்கூடப் படியில் நின்றன என்று சொல்லலாம். இலக்கியச் செல்வத்திலோ நாம் மலை, அவர்கள் மடு.

பாஷையின் அமைப்பிலும் தமிழன் வியக்கத்தக்க சில ஒற்றுமைகள் உள. எஸ்தோனியம் ஐரோப்பாவில் வழங்கினாலும் ஜெர்மன், ருஷ்யம் முதலியவற்றின் இனத்தைச் சேர்ந்ததன்று. பின்லாந்தியத்துக்கு நெருங்கிய உறவுடையது. நம்மைப் போலவே பெயரின் பின்னால் உருபை ஒட்டிப் பொருளை வேறுபடுத்துவர். ‘மயா’ என்றால் வீடு. ‘மயாஸ்’ என்றால் வீட்டில். ‘மயாஸ்த்’ என்றால் வீட்டிலிருந்து. ‘மயாகா’ என்றால் வீட்டோடு. ‘மயாதா’ என்றால் வீடின்றி. நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்குப் பதினான்கு. அவன், அவள் என்ற பேதம் அவர்களிடம் இல்லை. ‘தேமா’ என்ற ஒரே சொல் இருவருக்கும் பொது. எதிர்காலத்துக்கென்று தனி வினைமுற்றும் இல்லை. ‘நாளைக்கு ஊருக்குப் போகிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தால் சொல்வதுபோலவே அவர்கள் எப்போதும் சொல்லுகிறார்கள்.

இலக்கணம் கற்றோர் மிகவும் ரஸிக்கக்கூடியது அவர்களுடைய மாத்திரைக் கணக்கு. குறில், நெடில் என்ற இரண்டோடு நில்லாமல், நம் அளபெடையைப் போன்ற மூன்றாவது நீட்டமும் அங்கே நாள்தோறும் பேச்சில் வழங்குகிறது. ‘கோலி’ என்று நெடிலாகச் சொன்னால் பள்ளிக்கூடத்தினது என்று பொருள். ‘கோஒலி’ என்று அளபெடுத்தால் பள்ளிக்கூடத்துக்குள் என்று பொருள். எழுத்தில் இரண்டும் ஒன்றே. நம் நாட்டில் அளபெடை செய்யுளில் ஓசை குறைந்தவிடத்து வருவது. அங்கே அது தவறினால் பையன் பள்ளிக்கூடம் போய்ச் சேரமாட்டான்! திருநெல்வேலியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் 1856-ல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது, திராவிட பாஷைகளைப் பின்லாந்தியம் உள்ளிட்ட ஒரு பெருங்கூட்டத்தோடு உறவுபடுத்திப் பார்த்தார். அவ்வுறவைப் பிற்கால அறிஞர் பெரும்பாலோர் ஒப்பவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, உருபுகளை ஒட்டி ஒட்டிப் புதுச் சொல் ஆக்கும் ஆற்றல் இரு பாஷைகளுக்கும் பொதுவென்பது போதும்.

அவ்வாற்றலை அவர்கள் உபயோகித்த விதம்தான் நாம் கவனிக்க வேண்டியது. 1918 பிப்ரவரி 24-ந் தேதி எஸ்தோனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. யுத்தம் முடிந்திருக்கவில்லை, கஜானாவில் பணமில்லை. எனினும் 1919 டிசம்பர் 1-ந் தேதி, 1632-ல் ஸ்வீடன் அரசரால் நிறுவப்பட்ட தார்த்து நகரத்துச் சர்வகலாசாலையை எஸ்தோனிய பாஷைச் சர்வகலாசாலையாகத் திறந்துவிட்டார்கள். அதற்குமுன் அங்கே ஜெர்மனிலும், பிறகு ருஷ்யத்திலுமே போதனை நடந்தது. போதிக்கப் போதிய ஆசிரியர் உள்நாட்டில் இல்லாமையால் பின்லாந்திலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பண்டிதர்களை வரவழைத்தனர். அவர்கள் தத்தம் பாஷையிலே பிரசங்கம் செய்தனர். உள்ளூரார் கற்றுத் தேறத் தேற, அந்தந்த இடத்தில் எஸ்தோனியம் அமர்ந்தது. சொற்கள் ஆயத்தமான பிறகு கல்லூரி திறப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கல்லூரியைத் திறந்தார்கள், சொற்கள் வந்து சேர்ந்தன.

சொற்களைச் சேர்த்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். யோஹன்னஸ் வோல்டெமார் வேஸ்கி என்பவர், வைத்தியம் முதல் பூகோளம் வரை துறைதோறும் வல்லாரைக் கூட்டிவைத்து, உள்ள சொற்களையே ஒட்டியும் இணைத்தும் பரிபாஷை வகுத்தார். யோஹன்னஸ் ஆவிக் என்பவர் துணிச்சல்காரர். பின்லாந்தியத்திலிருந்து எடுத்தார், குடியானவர்களின் பிராந்திய வழக்கிலிருந்து எடுத்தார், ஒன்றும் கிடைக்காவிடில் காதுக்கு இனியதாகத் தாமே ஒலிகளைக் கூட்டிச் சொல் படைத்தார். ஆயுதம் என்பதற்கு ‘ரெல்வ்’, பெருங்குற்றம் என்பதற்கு ‘ரோய்ம்’ என்று அவர் இட்ட பெயர்கள் இன்று நியாயஸ்தலத்திலும் பத்திரிகையிலும் சாதாரணமாக வழங்குகின்றன. அவருடைய சொற்களில் பல நிலைக்கவில்லை; அதைப்பற்றி யாரும் அவரைப் பரிகசித்ததாலும் அவர் ஓயவில்லை. 1932 முதல் 1937 வரை ஐந்தே வருஷத்தில் எட்டுத் தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம் ஒன்றையும் அச்சமூகம் அச்சிட்டு முடித்துவிட்டது.

பிறகு வந்தது கேடு. 1940-ல் சோவியத் சேனை புகுந்தது; இடையில் மூன்று வருஷம் ஜெர்மானியர் ஆக்கிரமிப்பு; 1944-ல் மீண்டும் சோவியத் ஆட்சி. நம் அவிநாசித் தலத்தின் கதையை அறியாதார் கொங்கு நாட்டில் இல்லை. முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் மீட்டபோது, விழுங்கப்பட்ட அன்றிருந்த பிராயத்தினனாக அவன் வெளிவரவில்லை. இடையே கழிந்த வருஷங்களின் வளர்ச்சியோடு வந்தான். எஸ்தோனிய பாஷையின் கதியும் அவ்வாறே ஆயிற்று. ருஷ்யம் எங்கும் மேலாதிக்கம் பெற்றிருந்த போதிலும், தார்த்துவில் எஸ்தோனியப் போதனை அறவே நின்றுவிடவில்லை. 1970-களில் உயர் ஆராய்ச்சிப் பட்டத்துக்குரிய நூல்களை ருஷ்யத்தில்தான் எழுத வேண்டும் என்ற விதி வந்தது. 1980-ல் நாற்பது அறிஞர்கள் கையொப்பமிட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதித் தங்கள் பாஷைக்கு நேர்ந்துவரும் தாழ்வைக் கண்டித்தார்கள். 1989 ஜனவரி 18-ல், சோவியத் ஆட்சி இருக்கும்போதே, எஸ்தோனியமே ராஜ பாஷை என்று சட்டம் செய்தார்கள். 1991 ஆகஸ்டில் சுதந்திரம் மீண்டபோது, வைத்தியனும் வக்கீலும் எஞ்சினீயரும் தங்கள் தொழிலைத் தாய்ப்பாஷையில் நடத்தத் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள். 2004-ல் அது ஐரோப்பிய ஐக்கியத்தின் அதிகார பாஷைகளுள் ஒன்றாயிற்று.

இனி நம் கதைக்கு வருவோம். எஸ்தோனியர் தொடங்குவதற்கு முன்பே நாம் தொடங்கினோம் என்றால் பலருக்கு வியப்பாயிருக்கும். 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் அவருடைய நண்பர்களும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை ஏற்படுத்திப் பத்திரிகையும் நடத்தினார்கள். தார்த்து திறக்கப்படுவதற்கு மூன்று வருஷம் முந்திய செய்தி இது. பெரும் ராஜீய வேலைகளுக்கிடையே, ரசாயன சாஸ்திரத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டுவதற்காகவே ராஜாஜி பின்னர் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார்.

அடுத்த பெருமுயற்சி கொங்கு நாட்டவருடையது. திருப்பூரில் பிறந்து, அவிநாசியப்பர் பெயரையே தாங்கிய தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தார். அவர் 1946-ல் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், சுதந்திரம் வந்த 1947-லேயே தமிழ்க் கலைக்களஞ்சிய வேலையைத் தொடங்கியது. பிரதம ஆசிரியராக அமர்ந்தவர் ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டு வலசில் பிறந்தவரும், கோவை ராமகிருஷ்ண வித்தியாலயத்தில் உபாத்தியாயராக இருந்தவருமான பெரியசாமித் தூரன். முதல் தொகுதி 1954-லும் பத்தாவது 1968-லும் வெளிவந்தன. அதன்பின் குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகள். துறைதோறும் வல்லாரைத் தேடிப் பிடித்து, ஆங்கிலத்தில் சிந்தித்துப் பழகியவர்களிடமிருந்து தமிழில் கட்டுரை வாங்கி, அதைப் படிக்கத்தக்கதாக்கிய தூரனின் உழைப்பை இன்றைய தலைமுறை அறியாது. கீர்த்தனம் பாடியவராகவே பலர் அவரை அறிவர். கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரனின் முயற்சியில் வெளிவந்த ‘கலைக்கதிர்’ மாதப் பத்திரிகை, அதே காலத்தில் விஞ்ஞானத்தைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுபோயிற்று.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக, பொள்ளாச்சி வட்டாரத்தவரான சி. சுப்பிரமணியம் கல்வி மந்திரியாயிருந்தபோது, 1960-ல் கோவை அரசாங்கக் கலைக் கல்லூரியில் பி. ஏ. வகுப்பைத் தமிழில் நடத்தும் பரீட்சை தொடங்கிற்று. களஞ்சியம் இருந்தது, பத்திரிகை இருந்தது, மந்திரியின் ஆதரவு இருந்தது, கல்லூரியும் திறந்தது. தார்த்துவில் இருந்தவை அனைத்தும் கோவையிலும் இருந்தன. பின் ஏன் அங்கே நிலைத்தது, இங்கே நிலைக்கவில்லை?

கலைச்சொல் பஞ்சம் என்பார் சிலர். இது பொருந்தாது. பத்துத் தொகுதிகள் எழுதப் போதுமாயிருந்த சொல் ஒரு வகுப்பறைக்குப் போதாமற் போகுமா? தமிழில் படித்தால் உலகத்தொடர்பு அறும் என்பார் வேறு சிலர். எஸ்தோனியர் உலகத்தொடர்பு அற்றுக் கிடக்கவில்லை. கம்ப்யூட்டர் மூலம் சர்க்கார் காரியங்களை நடத்துவதில் இன்று பல பெரிய ராஜ்யங்கள் அவர்களிடம் பாடம் கேட்கின்றன. உண்மையான வேற்றுமை ஒன்றுதான். தார்த்துவில் எஸ்தோனியத்தில் படித்துத் தேறியவனை நியாயஸ்தலமும், ஆஸ்பத்திரியும், ரெயில்வேயும், வியாபாரியும் எஸ்தோனியத்திலேயே வேலை செய்யும்படி ஏற்றுக்கொண்டன. கல்லூரி வாசலும் காரியாலய வாசலும் ஒரே சாவியால் திறந்தன. நம் நாட்டிலோ தமிழில் படித்தவன் வெளியே வந்து பார்த்தால், ஹைகோர்ட்டின் நடவடிக்கை ஆங்கிலம், வங்கியின் கணக்கு ஆங்கிலம், மில்லின் கடிதம் ஆங்கிலம். கல்லூரிக்குள் மட்டும் தமிழை வைத்துப் பூட்டினோம். பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பணயம் வைத்துப் பாஷாபிமானம் காட்டும்படி ஏழைப் பெற்றோரிடம் சொன்னோம். அவர்கள் இணங்காததில் தவறென்ன?

இதைச் சர்க்கார் அறியாமலில்லை. தமிழில் படித்தோருக்கு ராஜ்யத்தின் நேரடி நியமனங்களில் நூற்றுக்கு 20 இடம் ஒதுக்கி 2010-ல் சட்டம் வந்தது. நல்ல சட்டமே. ஆனால் சர்க்கார் உத்தியோகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கோவையில் பம்பு செய்யும் தொழிற்சாலைகளும், திருப்பூரில் பனியன் கம்பெனிகளுமே நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பவை. அவற்றின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் இம்மண்ணின் மக்கள். வேலைத்தலத்தில் நடக்கும் பேச்சு முழுதும் தமிழ். ஆனால் காகிதத்தில் ஏறும் ஒவ்வொரு வரியும் ஆங்கிலம். வாங்குபவன் அமெரிக்கனானால் அவனுக்கு ஆங்கிலத்தில் எழுதுவது அவசியந்தான். தையற்காரருக்கு ஒட்டும் அறிவிப்பையும், மெஷினைப் பழுதுபார்த்த குறிப்பையும், கூலிச் சீட்டையும் தமிழில் எழுதுவதை எந்த அமெரிக்கன் தடுக்கிறான்?

சொல்லாக்கம் செய்தவர்களிடமும் ஒரு குறை உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆவிக் குடியானவன் வாய்ச்சொல்லைத் தேடிப் போனார். நம் கலைச்சொல் கமிட்டிகளில் பலவும் நிகண்டைத் தேடிப் போயின. வடமொழியா தனித்தமிழா என்று வழக்காடுவதில் வருஷங்கள் கழிந்தன. பட்டறைக்குப் போய், நீ இதை எப்படிச் சொல்லுகிறாய் என்று தச்சனையும் கொல்லனையும் கேட்டவர் சிலரே. கமலை கட்டி நீர் இறைத்த காலத்தில், கிணற்றின் ஒவ்வோர் அங்கத்துக்கும், கயிற்றின் ஒவ்வொரு வகைக்கும் கொங்கு வேளாளனிடம் சொல் இருந்தது. மோட்டார் வந்தது, மாடு போயிற்று, மாட்டோடு அச்சொற்களும் போயின. ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவல் 1942-லேயே கொங்குப் பேச்சை ஏட்டில் ஏற்றியது. பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-ல் வந்தது. இத்தகைய அகராதிகளை இலக்கிய மாணவர்கள் மட்டுமன்றிக் கலைச்சொல் வகுப்போரும் கையில் வைத்திருக்க வேண்டும்.

மக்களுக்கு வேண்டிய பொருளானால் புதுச்சொல்லும் தானே நிலைக்கும் என்பதற்கு நம் தாலூகாவிலேயே அத்தாட்சி இருக்கிறது. பவானி ஆற்று உபரி நீரைக் குழாயில் ஏற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், தலைமுறைகள் போராடிய பின்னர் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அத்திட்டத்தின் பெயரில் ‘நிலத்தடி நீர் செறிவூட்டல்’ என்ற தொடர் உண்டு. முழுக்க முழுக்க சர்க்கார் காகிதத்துக்கென்று ஆக்கப்பட்ட தொடர். அழகானதென்றும் சொல்ல முடியாது. ஆயினும் அத்திட்டத்துக்காக உண்ணாவிரதம் இருந்தவர்களும் ஊர்வலம் போனவர்களும் அதைச் சரளமாகச் சொல்லுகிறார்கள். தண்ணீர் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதனால் சொல்லும் தங்கிற்று.

எஸ்தோனியர் செய்வதெல்லாம் நாம் பின்பற்றத்தக்கது என்று சொல்ல நாம் முன்வரவில்லை. அங்கே ஐவரில் ஒருவருக்குமேல் ருஷ்யம் பேசுவோர். அவர்களுடைய பள்ளிகளையும் எஸ்தோனியப் போதனைக்கு மாற்றும் சட்டம் 2022-ல் நிறைவேறி, 2024 செப்டம்பர் முதல் அமுலாகி வருகிறது. சோவியத் காலத்தில் பட்ட கொடுமையை நினைத்தால் அவர்கள் அச்சம் விளங்குகிறது. ஆனாலும் ஒரு குழந்தையின் தாய்ப்பாஷையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றுவது, யார் செய்தாலும், யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். ஹிந்தித் திணிப்பை எதிர்த்தவர்களாகிய நாம் இதைச் சொல்லத் தயங்கலாகாது. கொங்கு நாட்டிலேயே தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் மக்கள் நம்மோடு நெய்தும் உழுதும் வாழ்கிறார்கள். தமிழின் உயர்வுக்கு அவர்களால் எவ்விதக் குறைவும் நேர்ந்ததில்லை.

எஸ்தோனியாவிலும் இன்று புதுக் கவலை பிறந்திருக்கிறது. தார்த்துவில் உயர் ஆராய்ச்சி நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. ஜெர்மனையும் ருஷ்யத்தையும் தாங்கிய பாஷை ஆங்கிலத்தைத் தாங்குமா என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அதற்கும் ஓர் அணை கட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும் ஆராய்ச்சியாளன், தன் நூலின் சுருக்கத்தை எஸ்தோனியத்தில் எழுதிச் சேர்த்தாக வேண்டும். இதனால் எந்தத் துறையின் கடைசி முடிவைச் சொல்லவும் அந்தப் பாஷையில் வருஷந்தோறும் சொல் பிறந்துகொண்டே இருக்கிறது.

இதை நாம் நாளைக்கே செய்யலாம். 1971 முதல் கோவையில் விவசாய சர்வகலாசாலை இருக்கிறது. 1982 முதல் பாரதியார் பெயரால் மற்றொரு சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே பட்டம் பெறும் ஒவ்வோர் ஆராய்ச்சியாளரும் தம் முடிவுகளைப் பத்துப் பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தாலன்றிப் பட்டமில்லை என்று கட்டாயமாக்குவதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். கோடிக்கணக்கில் பணமும் வேண்டாம். வெளிமாநிலத்து மாணவருக்கு மொழிபெயர்ப்பு உதவி அளிக்கலாம். அப்பக்கங்களைச் சேர்த்து வருஷத்துக்கு ஒரு தொகுதியாக அச்சிட்டு, நூல்நிலையங்களுக்கும் விவசாயச் சங்கங்களுக்கும் அனுப்பலாம். பருத்தி, தென்னை, மண் உப்பு, சாயக் கழிவு நீர் என்று இம்மண்ணைப்பற்றியே எழுதப்படும் ஆராய்ச்சிகளை, இம்மண்ணில் உழுபவன் முதன்முறையாகப் படிப்பான். சிண்டிகேட்டுகளின் அடுத்த கூட்டத்தில் இதைப் பிரேரேபிக்க ஓர் அங்கத்தினர் முன்வர வேண்டும்.